ரத்தம் கசியாத ஏவிஎம்: ஆபரேஷனா, காமா நைஃபா?

வணக்கம் சகோதரி. 24 வயதுத் தம்பிக்கு வலிப்பு வந்து எம்ஆர்ஐ எடுத்ததில் 2.5 செ.மீ. ஏவிஎம் (மூளையில் தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக்கொண்ட ரத்தக்குழாய் முடிச்சு), கசிவு இல்லை. ஒருவர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் காமா நைஃப் (கத்தியில்லாமல், கதிர்வீச்சைக் குவித்துச் செய்யும் சிகிச்சை) என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டுமே சரியான வழிகள்தான், எது பொருந்தும் என்பது முடிச்சு இருக்கும் இடத்தைப் பொறுத்தது.

முதலில், டிஎஸ்ஏ ஆஞ்சியோ (ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம்) எடுத்தாச்சா? எந்தத் தமனி முடிச்சுக்கு ஊட்டுகிறது, எந்தச் சிரை வழியாக ரத்தம் வடிகிறது என்பது அதில்தான் தெளிவாகத் தெரியும். 3 செ.மீ.க்குக் கீழே, பேச்சு, கைகால் அசைவுக்கான பகுதியில் இல்லாமல், மூளையின் மேற்பரப்புச் சிரையில் வடிந்தால் ஸ்பெட்ஸ்லர்-மார்ட்டின் (ஆபரேஷன் ஆபத்தைக் கணிக்கும் அளவுகோல்) கிரேடு 1, அதாவது ஆபத்து மிகக் குறைவான படி. அப்படியென்றால், இதை அடிக்கடி செய்யும் சர்ஜன் கிடைத்தால் நான் ஆபரேஷன் பக்கம்தான். முழுதாக எடுத்துவிட்டால் கசிவு பயம் அன்றோடு போய்விடும். ஆழமான இடமென்றால் காமா நைஃப். மண்டையைத் திறக்க வேண்டாம்; ஆனால் முடிச்சு அடைபட 2, 3 வருஷம் ஆகும், அதுவரை கசியும் வாய்ப்பு இருந்துகொண்டேதான் இருக்கும்.

பதறி இந்த வாரமே முடிவெடுக்காதீர்கள், படங்களைக் காட்டி மூன்றாவது கருத்து கேளுங்கள். அப்புறம், வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது; டாக்டர் சொல்லும்வரை பைக், நீச்சல் வேண்டாம். திடீரென்று தாங்கமுடியாத தலைவலி, வாந்தி, ஒருபக்கம் மரத்துப்போவது எது வந்தாலும் உடனே 108.