வீட்டிலேயே விளக்கு மாட்டினேன், வண்டி எரிந்தது, க்ளெய்ம் இல்லை என்கிறார்கள்

கேள்வி: பைக் என்றால் எனக்கு உயிர். ஆயில், செயின், பிரேக் பேட், வால்வ் கிளியரன்ஸ் வரை எல்லாம் வீட்டில் நானே பார்ப்பேன். சென்ற ஆண்டு கூடுதலாக எல்இடி விளக்குகள் மாட்டினேன். ரிலே வைத்து, பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, மெக்கானிக்கைவிட சுத்தமாகச் செய்திருந்தேன். சைலன்சர், ஹேண்டில்பார் இரண்டும்கூட மாற்றியவைதான். மூன்று மாதம் முன்பு இரவில், குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நிறுத்தியிருந்த வண்டி தானாகத் தீப்பிடித்தது. பக்கத்தில் நின்ற ஸ்கூட்டரும் கருகியது. சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பிய சர்வேயர் ஒன்பது நாள் கழித்து வந்து என்னை ஒரு குற்றவாளி மாதிரி விசாரித்தார். இப்போது இன்சூரன்ஸ் நிறுவனம் மூன்று காரணம் சொல்லி மறுத்துவிட்டது: மின் பழுது பாலிசியில் சேராது, மாற்றங்களைத் தெரிவிக்கவில்லை, க்ளெய்ம் படிவத்தில் ‘மாற்றம் ஏதும் செய்யப்பட்டதா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். அந்தப் படிவத்தை நிரப்பியது ஷோரூம் ஊழியர், நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். புகைச் சான்றிதழ் வேறு காலாவதியாகி இருந்தது. நிறுவன அதிகாரி ஒருவர், ‘நான்-ஸ்டாண்டர்டாக ஏதாவது பார்க்கலாம்’ என்று போனில் சொன்னார். ஐடிவி, அதாவது பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பு, 1,12,000 ரூபாய். நண்பர்கள், ‘விடாதே, மன உளைச்சலுக்கு 5 லட்சம் சேர்த்து கேஸ் போடு’ என்கிறார்கள். ஸ்கூட்டர்காரர் 38,000 கேட்கிறார்; ‘என் தப்புதான் அண்ணா, கொடுத்துடறேன்’ என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். இன்ஸ்டாகிராமில் போட்டிருந்த வேலைப்பாட்டு வீடியோக்களையும் அழித்துவிட்டேன். என்ன செய்வது? எஞ்சின் தப்பித்துவிட்டது, அதை என்னிடம் இருக்கும் பழைய வண்டியில் மாட்டிக்கொள்ளலாமா? தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் அவர் கடையில் மாட்டியதாக பில் வாங்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் பாதி, வயரிங் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தீர்கள் என்பதைப் பற்றியது. படித்தேன், நேர்த்திதான். ஆனால் இந்த வழக்கு அதில் நிற்கவில்லை. அந்தப் படிவத்தில் ‘இல்லை’ என்ற சொல்லுக்குக் கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது. நிறுவனம் சொன்ன மூன்று காரணங்களில் உங்களைச் சாய்க்கக்கூடியது அது ஒன்றுதான்.

முதலில் சில்லறைகளை ஒதுக்கிவிடுகிறேன். சர்வேயர் தாமதமாக வந்தார், மரியாதையாகப் பேசவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். அதற்காக எந்த நுகர்வோர் ஆணையமும் க்ளெய்மைத் தூக்கிக் கொடுக்காது. புகைச் சான்றிதழ் கவலையை விடுங்கள். மறுப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பிறகு வழக்கில் புதிதாகக் கொண்டுவர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இலும் 2019-இலும் சொல்லியிருக்கிறது. அது போக, புகைச் சான்று இல்லை என்பதை வைத்து க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ 2020-இலேயே விளக்கம் கொடுத்துவிட்டது. 5 லட்சம் மன உளைச்சல்? அந்தப் பணத்தை நண்பர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

‘மின் பழுது’ என்ற முதல் காரணம் பலவீனமானது. பாலிசியின் முதல் பிரிவிலேயே தீ, வெடிப்பு, தானாகத் தீப்பற்றுதல், மின்னல் என்று வரிசையாகப் போட்டிருக்கும். மின் பழுது சேராது என்றால், எஞ்சினில் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் எரிந்துபோனால் ஸ்டேட்டர் விலையைத் தர மாட்டோம் என்று அர்த்தம். அந்தப் பழுதிலிருந்து தீ கிளம்பி முழு வண்டியும் போனால், அது தீ விபத்துதான் என்று வாதாட உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது.

இரண்டாவது காரணம், மாற்றத்தைத் தெரிவிக்காதது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு பார்ப்பது, வண்டியின் பதிவுச் சான்றிதழான ஆர்சி-யில் பதிவாகியிருக்கும் விவரங்களுக்கு முரணாக வண்டி மாறியிருக்கிறதா என்பதை. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே சொன்னது. கூடுதல் விளக்கு ஆர்சி-யில் ஏறுகிற விஷயம் இல்லை. விளக்குகளுக்கும் சைலன்சருக்கும் தனி விதிகள் உண்டு, அவற்றை மீறியிருந்தால் அது அபராதத்துக்குப் போகும். 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட இருக்கலாம். ஆனால் மாற்றம் இருந்தது என்பதும் அந்த மாற்றத்தால்தான் தீ வந்தது என்பதும் வேறு வேறு. இரண்டாவதை நிரூபிக்க வேண்டியது நிறுவனம். சைலன்சரும் ஹேண்டில்பாரும் நள்ளிரவில் நிறுத்தி வைத்த வண்டியைக் கொளுத்தியிருக்க வழியில்லை. விளக்கு வயரிங்தான் என்று சொல்ல அவர்களிடம் சர்வேயர் அறிக்கையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? சர்வேயர் அறிக்கை முக்கியமானது, ஆனால் இறுதி வார்த்தை இல்லை. இதுவும் உச்ச நீதிமன்றம் 2009-இல் சொன்னதுதான். விளக்குகளின் விலையை மட்டும் மறந்துவிடுங்கள். கூடுதல் பிரீமியம் கட்டி அறிவிக்காத துணைப் பொருளுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள்.

ஆக, இரண்டு காரணங்களையும் சமாளிக்கலாம். மூன்றாவதான அந்த ‘இல்லை’ பதிலை ஏன் அப்படிச் சமாளிக்க முடியாது? இன்சூரன்ஸ் ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மேல் நிற்பது. க்ளெய்ம் படிவத்தின் அடியில், மேலே சொன்னவை அனைத்தும் உண்மை, பொய் என்று தெரிந்தால் உரிமை இழப்பேன் என்று ஓர் உறுதிமொழி இருக்கும். ஷோரூம் ஊழியர் நிரப்பினார், நான் படிக்கவில்லை என்ற பதிலை ஆணையத்தில் தினமும் கேட்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர், வண்டியைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர், ஒரு பக்கப் படிவத்தைப் படிக்கவில்லை என்றால் நம்புவது சிரமம்.

ஆனாலும் இந்த ஒரு தவறோடு நின்றால் தப்பிக்க வழியுண்டு. என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் மூழ்குவது, முதல் பொய்யை மூடப் போய்ச் செய்யும் இரண்டாவது காரியத்தில்தான். இதை நான் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் கடைசியில் ‘தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் அவர் கடையில் மாட்டியதாக பில் வாங்கலாமா’ என்று ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

வாங்காதீர்கள். பழைய தேதியிட்ட பில் என்பது போலி ஆவணம். இன்றைக்கு இது பணம் கிடைக்குமா கிடைக்காதா என்ற தகராறு மட்டுமே. அந்தக் காகிதத்தை நீங்கள் தாக்கல் செய்த நிமிடத்தில், மோசடி, போலி ஆவணத்தை உண்மையானதாகப் பயன்படுத்துதல் என்று கிரிமினல் புகாருக்குக் கதவு திறக்கிறது. எலக்ட்ரீஷியனை சாட்சிக்குக் கூப்பிட்டால் அவர் இரண்டு கேள்விக்கு மேல் தாங்க மாட்டார். எந்த கேஜ் வயர், ரிலே எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாலே முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் உங்களுக்குத்தான் தெரியும்.

அதேபோல இன்ஸ்டாகிராமில் போட்டிருந்த வேலைப்பாட்டு வீடியோக்களை அழித்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்தின் விசாரணையாளர் முதலில் பார்ப்பதே அதைத்தான். அவர் கையில் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். அழித்தது உங்களுக்கே பாதகம். ஃபியூஸும் ரிலேவும் தெளிவாகத் தெரிகிற வீடியோ என்றால் அது உங்கள் பக்கச் சாட்சியம். மூலப் பதிவு போனில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். வயர் ஹார்னஸ் வாங்கிய அசல் பில்லும் அப்படித்தான்.

அப்புறம் அபிடவிட். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் பிரமாணப் பத்திரம் போட வேண்டும். படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதிய ஆள், அங்கே ‘தெரியாமல் நடந்தது’ என்று சத்தியம் செய்ய, எதிர்த்தரப்பு உங்கள் வீடியோவை எடுத்து வைத்தால், மற்ற இரண்டு நல்ல வாதங்களையும் யாரும் கேட்க மாட்டார்கள். நல்ல வழக்குகள் இப்படித்தான் வீணாகின்றன.

எனவே முதல் வேலை, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் திருத்தம். படிவத்தில் அந்தப் பதில் தவறு, செய்த மாற்றங்கள் இவை, தீக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை என்பதற்கு இன்ன ஆதாரம் என்று, ஒரு பக்கம் போதும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பலர் திருத்தக் கடிதத்திலும் பாதியைத்தான் சொல்வார்கள். விளக்கை மட்டும் ஒப்புக்கொண்டு சைலன்சரை விட்டுவிட்டால் திருத்தமே இரண்டாவது பொய் ஆகிவிடும். மூன்றையும் எழுதுங்கள். மாற்றத்துக்கு 5,000 ரூபாய் என்ற அபராதத்துக்குப் பயந்து 1,12,000-ஐ விடுவது கணக்கில்லை. எரிந்துபோன வண்டியை ரோட்டில் நிறுத்தி யாரும் சலான் எழுதப் போவதும் இல்லை.

இன்னொன்று, எரிந்த வண்டியை அப்படியே வையுங்கள். ஃபியூஸ் ஹோல்டர் மிச்சம் இருந்தால் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள், தொடாதீர்கள். சுத்தம் செய்கிறேன் என்று ஆரம்பித்தால் கை தானாகப் பிரித்துவிடும், உங்களைப் போன்றவர்களை எனக்குத் தெரியும்.

ஸ்கூட்டர்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு வாட்ஸ்அப்பில் ‘என் தப்புதான் அண்ணா, கொடுத்துடறேன்’ என்று அனுப்பியிருக்கிறீர்கள். மனிதராக அது சரி. ஆனால் உங்கள் பாலிசியிலேயே, நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது என்று நிபந்தனை இருக்கிறது. இருசக்கர வண்டியின் முழு பாலிசியில் மூன்றாம் நபர் சொத்துச் சேதத்துக்கு பொதுவாக 1 லட்சம் வரை காப்பு உண்டு. சிலர் பிரீமியம் குறைய அதை 6,000 என்று சுருக்கியிருப்பார்கள், உங்களுடையதைப் பாருங்கள். அவருடைய கோரிக்கையை இன்றே நிறுவனத்துக்கு அனுப்புங்கள், ஒரு தேதி குறிப்பிட்டுப் பதில் கேளுங்கள். அதற்குள் அவரிடம் இனி ஒரு செய்தியும் வேண்டாம், நேரில் மரியாதையாகப் பேசுங்கள். அவருக்கும் முழு பாலிசி இருந்தால் அங்கே க்ளெய்ம் செய்யச் சொல்லலாம். நிறுவனம் கைவிரித்தால் பேரம் பேசி முடித்துவிடுங்கள், இனி கோரிக்கை எதுவும் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு. தினமும் லிஃப்டில் பார்க்க வேண்டிய ஆளோடு கோர்ட்டுக்குப் போகாதீர்கள்.

இப்போது அந்த ‘நான்-ஸ்டாண்டர்ட்’. பாலிசி நிபந்தனை மீறல் இருந்தாலும் க்ளெய்மை முழுதாக மறுக்காமல், ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை கொடுப்பது என்ற நடைமுறையை உச்ச நீதிமன்றம் 2010-இல் அமலேந்து சாஹு வழக்கில் ஏற்றிருக்கிறது. உங்கள் கணக்கில் அது ஏறக்குறைய 84,000. போனில் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். 75-க்கு வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் அறிவுரை. 70 என்றாலும் நான் எடுப்பேன். மீதி 28,000-க்காக, கையெழுத்துப் போட்ட அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு குறுக்கு விசாரணைக்கு நிற்பது புத்திசாலித்தனம் இல்லை. ஒரேயடியாக 30, 40 சதவீதம் என்று பேசினால், அப்போது இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரான இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போங்கள். மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும், வக்கீல் தேவையில்லை, தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், பிடிக்காவிட்டால் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. ஆணையத்தில் வழக்கு போட்டுவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும் என்பதால் வரிசையை மாற்றாதீர்கள். பணம் வாங்கும்போது ‘முழு மற்றும் இறுதி’ என்று டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்துக் கேட்பார்கள். அதைப் போட்ட பிறகு, மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபித்தால் தவிர மிச்சத்தைக் கேட்க முடியாது. யோசிப்பதை அதற்கு முன்பே யோசித்துவிடுங்கள்.

கடைசியாக அந்த எஞ்சின். தொடாதீர்கள். முழு இழப்பாகப் பணம் வாங்கினால், எரிந்த வண்டியின் மிச்சம் யாருக்கு என்பதை செட்டில்மென்டில் முடிவு செய்வார்கள், பெரும்பாலும் உங்களுக்கு இல்லை. உங்களுக்கே விட்டாலும், வேறு எண் உள்ள எஞ்சினை ஆர்டிஓ அனுமதி இல்லாமல் பழைய வண்டியில் மாட்டுவதுதான் 52-வது பிரிவு நேரடியாகத் தடுக்கும் மாற்றம். அந்த வண்டி நாளை ஒரு விபத்தில் சிக்கினால், இப்போது விளக்குக்காக நடத்தும் வாதம் அங்கே எடுபடாது. எரிந்த வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பதாக இருந்தாலும், 55-வது பிரிவின்படி ஆர்டிஓ-வுக்குத் தெரிவித்து ஆர்சி-யை ஒப்படைத்த ரசீதை முதலில் வாங்குங்கள். சட்டம் அதற்கு 14 நாள்தான் தருகிறது, உங்களுக்கு அது ஏற்கெனவே தாண்டிவிட்டது. எனவே நிறுவனத்துக்கு எழுதும் அதே வாரத்தில் இதையும் எழுதுங்கள், க்ளெய்ம் தகராறு நிலுவையில் இருப்பதால் வண்டி சாட்சியமாக வைக்கப்பட்டிருக்கிறது என்ற காரணத்தோடு.