ஏற்றுமதிக் காரால் மாநிலத்துக்கு என்ன கிடைக்கிறது?

சென்னைப் பக்கத்துக் கார் ஆலைகளுக்காக ஏற்றுமதி ஆவணங்கள் பார்த்தவன் என்பதால் என்னிடம் வந்த கேள்விகள் இவை.

கேள்வி: மூடிக்கிடந்த மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை மறுபடி இயங்க வைக்க அரசு இவ்வளவு மெனக்கெட்டது வரிக்காகத்தானே?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் காரின் வரி இங்கே வருவதில்லை. ஜி.எஸ்.டி.யில் மாநிலப் பங்கு, பொருள் விற்கும் இடத்துக்குப் போகும். இங்கே செய்த கார் புனேயில் விற்றால் பணம் மகாராஷ்டிரத்துக்கு. கப்பலேறினால் வரியே கிடையாது. உதிரிபாகங்கள் வாங்கும்போது கட்டிய வரியையும் ஆலை திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். 2017 ஜூலைக்கு முன்பு, வெளிமாநில விற்பனைக்கு மத்திய விற்பனை வரி என்று 2 சதவீதமாவது இங்கே தங்கியது. இப்போது அரசு பெரிதும் நம்புவது, தொழிலாளியின் சம்பளம் இங்கே செலவாகும்போது வரும் வரியைத்தான். ஆலைத் தொழிலாளி சிங்கப்பெருமாள் கோவிலில் வீடு பிடிக்கிறார், தவணையில் பைக் எடுக்கிறார். அந்த பைக்கின் வரி தமிழ்நாட்டுக்கு வரும். ஏற்றுமதி ஆலையில் வேலை எண்ணிக்கையை அரசு துருவித் துருவிக் கேட்பது இதனால்தான்.

கேள்வி: அப்படியானால் ஃபோர்டு கார் மறுபடி வருகிறதா?

பதில்: கார் இல்லை, எஞ்சின். 2021 செப்டம்பரில் விலகல் அறிவிப்பு, 2022இல் உற்பத்தி நின்றது. குஜராத்தின் சானந்த் ஆலையை டாடா வாங்கிக்கொண்டது. மறைமலை நகர் கைமாறவில்லை. 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசுடன் போட்ட ஒப்பந்தப்படி முதலீடு 3,250 கோடி ரூபாய், ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின்கள், தொடக்கம் 2029. நேரடி வேலை அறுநூறு சொச்சம். ஒரு காலத்தில் ஷிஃப்ட் பஸ்கள் வரிசைகட்டிய இடத்துக்கு இது சின்ன எண் என்பேன்.

கேள்வி: ஐயா, என் மகன் ஐ.டி.ஐ. முடிக்கிறான். உள்ளூர்க்காரர்களுக்கே வேலை என்று சட்டம் போட முடியாதா?

பதில்: ஹரியானா போட்டுப் பார்த்தது, தனியார் வேலையில் 75 சதவீதம் என்று. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. தம்பிக்கு நான் சொல்வது வேறு: வேலைக்கு எடுக்கும்போது நியமனக் கடிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆலையின் பெயரா, ஒப்பந்ததாரர் பெயரா? ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே போல்ட்டை முடுக்கும் இருவரின் சம்பளத்தைப் பிரிப்பது அந்தக் கடிதம்தான்.

கேள்வி: கார்கள் கண்டெய்னரிலா போகின்றன?

பதில்: பெரும்பாலும் இல்லை. எண்ணூரில் பார்த்திருக்கிறேன்: கப்பலின் பின்கதவு பாலம்போல் இறங்கும். ஓட்டுநர்கள் ஒருவர்பின் ஒருவராக உள்ளே ஓட்டிப்போய், கை நுழையும் இடைவெளி மட்டும் விட்டு நிறுத்துவார்கள். சக்கரப் பக்கம் வார் போட்டு இறுக்கியதும், அத்தனை பேரையும் ஒரு வேன் அள்ளிக்கொண்டு வரும், அடுத்த வரிசைக்கு.

கேள்வி: ரூபாய் சரிந்தால் ஏற்றுமதியாளருக்குக் கொண்டாட்டம்தானே?

பதில்: பாதிக் கொண்டாட்டம். இறக்குமதி செய்யும் பாகங்களுக்கும் டாலரில்தான் கொடுக்க வேண்டும்.