பனங்காட்டை விற்று ஜார்ஜியாவா? வேண்டாம் அண்ணே

மூக்கையூர்ப் பக்கத்து அப்பா ஒருவருக்கு எழுதிய பதில். மகள் நீட்டில் இரண்டு தடவை தேறியும் சீட் எட்டவில்லை. பனங்காட்டை விற்றாவது மருத்துவம் படிக்க ஜார்ஜியாவுக்கு அனுப்பு என்கிறாராம் துபாய் மச்சான்.

அண்ணே, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் ஏஜெண்ட் முன்பணம் கேட்கும் நேரத்தில் ஆறுதல் பேசிப் பயனில்லை. அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி. திரும்பியதும் தகுதித் தேர்வு. பிறகு இங்கே இன்னோர் ஆண்டுப் பயிற்சி. அந்தத் தேர்வில் தேறுவோரைவிடத் தவறுவோரே அதிகம். மச்சான் டிக்கெட் எடுத்துத் தரலாம், ஆறு வருடக் கட்டணத்தைக் கட்டப்போவது நீங்கள்தான்.

நர்சிங், பார்மசி எல்லாம் ஊரே சொல்லும். நாம் பேசிய அன்று பாப்பா வாய் திறந்தது ஒரே விஷயத்துக்கு: எந்த ஆடு எந்த ஈத்தில் ரெட்டைக் குட்டி போட்டது என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறாள். நீங்கள் சிரித்தீர்கள். ஆடு எத்தனை குட்டி போடும் என்பதை எந்த மரபணு தீர்மானிக்கிறது என்று ஆராய்வது ஒரு தனித் துறை, அண்ணே.

சுந்தரவனத்து கரோல் செம்மறி இரண்டு மூன்று குட்டி ஈனும். பிஎம்பிஆர்1பி என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதுதான் காரணம். ஒரே சமயத்தில் பல சினை முட்டைகள் முதிர்ந்து வெளிவருகின்றன. மகாராஷ்டிரத்தில் பல்டனில் உள்ள நிம்ப்கர் நிறுவனம் அந்த மரபணுவை அந்தப் பக்கத்துத் தக்காணிச் செம்மறிக்குள் கொண்டுவந்தது. எல்லா மாற்றமும் இப்படி வரமாக அமையாது. பிஎம்பி15 மரபணுவில் வரும் சில மாற்றங்கள், தாய்வழி தந்தைவழி வரும் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் இருந்தால் குட்டி கூடும், இரண்டிலும் இருந்தால் ஆடு மலடாகிவிடும். ஜிடிஎஃப்9 என்ற மரபணு இல்லாத எலியிலோ முட்டையைச் சுற்றியுள்ள ஃபாலிக்கிள் என்ற நுண்பை ஆரம்பக் கட்டத்தோடு நின்றுபோகிறது. மனிதர்களிலும் இதே மரபணுக்கள் உண்டு. பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து, இருபது லட்சம் முட்டைகளோடு பிறக்கிறது; ஆயுளில் முதிர்ந்து வெளிவருபவை ஏறக்குறைய 400. எது வளரும், எது அழியும் என்பதுதான் இந்த ஆராய்ச்சியின் மையக் கேள்வி. நம் கீழக்கரிசல் செம்மறியிடமும் கேட்க வேண்டிய கேள்விதான்.

வழி இதுதான்: அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல். கட்டணம் சில ஆயிரங்கள்தான். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ₹1,000 வரும். பிறகு காரைக்குடியிலோ மதுரையிலோ எம்.எஸ்சி. சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால், முனைவர் படிப்புக்கு மாதம் ₹37,000. சுலபமில்லை, வருடங்கள் பிடிக்கும். முதலாண்டிலிருந்தே புள்ளியியலும் ஆங்கிலக் கட்டுரை வாசிப்பும் பழக வேண்டும். கருத்தரிப்பு மையங்களில், கருவை ஆய்வகத்தில் வளர்க்கும் எம்பிரியாலஜிஸ்ட் வேலையும் உண்டு. ஆனால் சில வாரப் பயிற்சிக்கு லட்சம் கேட்பவர்களிடம் போகாதீர்கள், அதற்கென்றே முழுநேர முதுகலை வேண்டும்.

‘விலங்கியலா?’ என்று மச்சான் முகம் சுளித்தால் என்னிடம் பேசச் சொல்லுங்கள். ஏஜெண்டிடம் ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே வாருங்கள், பாப்பாவையும் அந்த நோட்டையும் கூட்டிக்கொண்டு.