காட்டு விலங்கைக் கொல்லாமல் கம்பளி எடுக்க முடியுமா?

"காட்டு விலங்குகளைக் கொல்லாமல் கம்பளி எடுக்க முடியுமா? அது இயற்கைக்கு நல்லதா, கெட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் எல்லா விலங்கிடமும் முடியாது. திபெத்தின் சிரு மானை எடுத்துக்கொள்ளுங்கள். ஷாதூஷ் சால்வைக்கான முடி புதரில் உதிர்ந்து கிடக்கிறது, பொறுக்கி எடுக்கிறோம் என்று வியாபாரிகள் பல காலம் கதை விட்டார்கள். உண்மையில் மானைச் சுட்டுத்தான் எடுத்தார்கள், ஒரு சால்வைக்கு மூன்று மானுக்குக் குறையாமல்.

விகூன்யாவின் கதை வேறு. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் 3,500 மீட்டருக்கு மேலே திரியும் ஒட்டகக் குடும்பத்து விலங்கு அது. அதன் முடியின் தடிமன் 12, 13 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்த முடிக்காகவே வேட்டையாடி, 1960களில் மொத்தமே பத்தாயிரம் அளவுக்கு இறங்கிவிட்டது. 1967-இல் பெருவில் பம்பா கலேராஸ் காப்பகம் வந்தது. 1979-இல் ஆண்டிஸ் நாடுகள் ஓர் ஒப்பந்தம் போட்டன. விகூன்யாவால் வரும் பயன் அதனோடு வாழும் மக்களுக்கே போகவேண்டும் என்பது அதன் அடிப்படை. இன்று எண்ணிக்கை மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. வெறும் தடைச்சட்டத்தால் மட்டும் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். உயிரோடு இருக்கும் விகூன்யா வருமானம் தரும் என்றானபின், வேட்டைக்காரனை விரட்ட ஊரே காவலுக்கு நின்றது.

முடி எடுக்கும் முறைக்குப் பெயர் சக்கு. ஸ்பானியர் வருமுன் ஆண்டிஸை ஆண்ட இன்காக்கள் காலத்திலிருந்தே உண்டு. வண்ணத்துணி கட்டிய நீண்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கானோர் மலைச்சரிவில் மெதுவாக நடந்து, மந்தையைப் பட்டிக்குள் ஒதுக்குவார்கள். கண்ணை மூடிக் கட்டி, காலைப் பிடித்து, முதுகிலும் விலாவிலும் மட்டும் கத்தரிப்பார்கள். மார்பில் தொங்கும் வெள்ளை முடியைத் தொடுவதில்லை. முடி வளராததையும் குட்டிகளையும் அப்படியே விட்டுவிடுவார்கள். ஒன்றிலிருந்து கிடைப்பது கால் கிலோகூட இருக்காது. அடுத்த முறைக்கு இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

புல்வெளிக்கும் இது நல்லதே. ஆட்டின் குளம்பு மண்ணை இறுக்கும். விகூன்யாவின் பாதமோ மெத்தென்று இருக்கும். அதன் கீழ்முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்பவை. புல்லை வேரோடு பிடுங்காமல் நறுக்கித் தின்னும். ஆடுமாட்டைக் குறைத்து விகூன்யாவுக்கு இடம் விட்டால் அந்த மலைக்கு எவ்வளவு ஆறுதல்!

ஆனால் எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு: வேலி. 1990களிலிருந்து பெருவில் பல இடங்களில் நூற்றுக்கணக்கான ஹெக்டேரை வளைத்து விகூன்யாக்களை அடைத்து வைக்கிறார்கள். பிடிப்பது சுலபம், சரி. ஆனால் இடம்பெயர முடியாமல் ஒரே புல்லை மேய்ந்து, நெருக்கத்தில் சொறி நோயும் பரவுகிறது. காட்டு விலங்கு மெல்ல மெல்லப் பண்ணை விலங்காகிறது. சொறி சாதாரண நோயல்ல. அர்ஜென்டினாவின் சான் கில்லெர்மோ பூங்காவில் 2014-இல் தொடங்கி விகூன்யாக் கூட்டத்தையே ஏறக்குறைய துடைத்துவிட்டது. அவற்றைத் தின்று வாழ்ந்த பூமாவும் பிணந்தின்னிக் கழுகான கான்டோரும் அதனால் தடுமாறின.

பிடிக்கும்போது விலங்குக்கு ஏற்படும் மிரட்சியும் சிறு விஷயமல்ல. கர்ப்பகாலமே பதினோரு மாதம் என்பதால், பிடிபடும் பெட்டைகளில் பெரும்பாலானவை சினையாகத்தான் இருக்கும். அதனால் வேகமாக வேலையை முடிப்பதும், ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவற்றைச் சேர்த்தே விடுவிப்பதும் கட்டாயம்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு கோட்டு பல லட்சத்துக்கு விற்கிறது. கயிறு பிடித்து நடந்த ஊருக்குப் போவது அதில் மிகச் சிறு பங்கு. அந்தப் பங்கு கூடாவிட்டால் அவர்கள் ஆடுமாட்டுக்கே திரும்புவார்கள், காவலுக்கும் ஆள் இருக்காது.