வாடகை, பை, பட்ஜெட்: மான்ட்காமரி கவுண்டி பற்றி நீங்கள் கேட்டவை

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், நம் ஊர் மாவட்டம் போன்ற மான்ட்காமரி கவுண்டியில் பட்ஜெட் பருவம் வந்துவிட்டது. கவுண்டியின் சட்டங்களை இயற்றும் கவுன்சிலில் நம் பகுதி உறுப்பினர் அனுப்பிய மடலில் வாடகை வரம்பு, பிளாஸ்டிக் பைத் தடை, இலவச பஸ், புது வீட்டு விதி என்று எல்லாம் சுருக்கமாக இருந்ததால் கேள்விகள் குவிந்துவிட்டன. கவுன்சில் கூட்டங்களைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன், அதனால் பதில் சொல்ல முன்வந்தேன். வாஷிங்டன் அரசியலைப் பேசும் நேரத்தில் கால்வாசியைக் கவுண்டி அரசு இயங்கும் ராக்விலுக்குக் கொடுத்தாலே போதும் என்பது என் எண்ணம். நம் வாடகையும் பள்ளியும் சாலையும் அங்கேதான் முடிவாகின்றன.

கிளார்க்ஸ்பர்க்கிலிருந்து: அக்கா, எனக்கு எந்தக் கவுன்சில் உறுப்பினர்னே தெரியல. யாருக்கு எழுதணும்?

ஐந்து பேருக்கு எழுதலாம். 2022 தேர்தலிலிருந்து கவுன்சிலில் 11 பேர். ஏழு பேர் தொகுதிக்கு ஒருவராகவும், நான்கு பேர் கவுண்டி முழுவதற்குமாகவும் தேர்வாகிறார்கள். ஆக உங்கள் ஓட்டுக்குக் கடன்பட்டவர்கள் தொகுதிக்காரர் ஒருவர், பொது உறுப்பினர்கள் நான்கு பேர். பலர் தொகுதிக்காரருக்கு மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

சாலையில் பள்ளம், குப்பை எடுக்கவில்லை போன்றவற்றுக்குக் கவுன்சில் வரை போக வேண்டாம். கவுண்டியின் சேவை எண்ணான 311-ஐ அழைத்துப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழில் பேச வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். ஆனால் சாலை யாருடையது என்று முதலில் பாருங்கள். 355-ஆம் எண் சாலை மாநிலத்துடையது, கவுண்டியால் அதைத் தொட முடியாது. டவுன்ஹவுஸ் குடியிருப்புக்குள் இருக்கும் பல சாலைகள் ஹெச்ஓஏ எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பொறுப்பு.

ஜெர்மன்டவுனிலிருந்து: எங்க அபார்ட்மென்ட்ல வாடகையை ஒரேயடியா 9 சதவீதம் ஏத்தி நோட்டீஸ் வந்திருக்கு. இப்படி ஏத்த முடியுமா?

உங்கள் கட்டடம் சட்டத்துக்குள் வருகிறதென்றால் முடியாது. கவுன்சில் 2023 ஜூலையில் வாடகை வரம்புச் சட்டத்தை நிறைவேற்றியது, 2024 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. விலைவாசி உயர்வோடு 3 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் எப்படிக் கூட்டினாலும் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரைக்கான வரம்பு 5.7 சதவீதம். பன்னிரண்டு மாதத்தில் ஒரு முறைதான் ஏற்றலாம், அதற்கும் 90 நாள் முன்பே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

விதிவிலக்குகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கட்டி 23 வருடம் ஆகாத கட்டடத்துக்கு வரம்பு இல்லை. அதனால் கிளார்க்ஸ்பர்க் பக்கத்துப் புதுக் கட்டடங்கள் பல தப்பிவிடும். இரண்டு வாடகை வீடுகளுக்கு மேல் இல்லாத தனிநபரிடம் குடியிருந்தாலும் சட்டம் பொருந்தாது. ராக்வில், கெய்தர்ஸ்பர்க் நகர எல்லைக்குள் இந்தச் சட்டம் செல்லாது. உங்கள் அஞ்சல் முகவரியில் கெய்தர்ஸ்பர்க் என்று இருப்பதாலேயே நீங்கள் நகர எல்லைக்குள் இருப்பதாக ஆகிவிடாது, வரைபடத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். டகோமா பார்க்கில் நகரத்தின் சொந்த வாடகைச் சட்டமே பல பத்தாண்டுகளாக இருக்கிறது.

நோட்டீஸை எறிந்துவிடாதீர்கள், புது லீஸில் கையெழுத்தும் போடாதீர்கள். கவுண்டியின் வீட்டுவசதித் துறையில் வீட்டு உரிமையாளர்–குடியிருப்போர் விவகாரத்துக்கென்று தனி அலுவலகம் இருக்கிறது. புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. புகார் கொடுத்ததற்காக உங்களைக் காலி செய்யச் சொல்வது சட்டவிரோதம். விசா நிலையைச் சொல்லி யாராவது பயமுறுத்தினால் தயவுசெய்து பயப்படாதீர்கள், வாடகைச் சட்டத்துக்கும் விசாவுக்கும் சம்பந்தமே இல்லை.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: கடையில பை கேட்டா இல்லைங்கறாங்க. கொத்தமல்லி, மீன் வாங்கினா எதுல போடறது?

2012-லிருந்து பைக்கு 5 சென்ட் வரி மட்டும் இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் பில் போடும் இடத்தில் பிளாஸ்டிக் பையே கொடுக்கக் கூடாது, காகிதப் பைக்கு 10 சென்ட். உதிரியாக எடுக்கும் காய்கறி, கீரை, மீன், இறைச்சிக்கான சின்னப் பைகளுக்குத் தடை இல்லை. ஸ்நாப், விக் என்ற அரசு உணவு உதவி பெறுகிறவர்கள் 10 சென்ட் கொடுக்க வேண்டியதில்லை. நம் மளிகைக் கடைக்காரர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள், சிலருக்கு இன்னும் தெரியவில்லை.

ராக்விலிலிருந்து: நான் ஹெச்1பி வேலை விசால இருக்கேன். ஓட்டே இல்லாதவன் பேச்சை இவங்க ஏன் கேக்கணும்?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். நம்மில் நிறையப் பேர் கிரீன் கார்டுக்காகக் காத்துக் காத்தே வருடங்களைக் கழிக்கிறோம். பிள்ளைகள் பள்ளிப் படிப்பையே முடித்துவிடுகிறார்கள், அதுவரை எல்லாவற்றையும் ஒதுங்கி நின்றே பார்க்கிறோம். அப்படி ஒதுங்க வேண்டிய அவசியமே இல்லை.

கவுன்சிலின் பொது விசாரணையில் பேசக் குடியுரிமையை யாரும் கேட்பதில்லை. கவுன்சில் இணையதளத்தில் முன்பதிவு செய்துவிட்டு நேரில் வரலாம், வீட்டிலிருந்து இணைய வழியிலும் பேசலாம், எழுத்தாகவும் அனுப்பலாம். கொடுக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். அதனால் யார், எங்கே குடியிருக்கிறேன், என்ன வேண்டும் என்று நேராகத் தொடங்குங்கள். ஒரே வாசகத்தை வெட்டி ஒட்டி நூறு பேர் அனுப்புவதைவிட, தன் வீட்டு நிலைமையை ஒருவர் சொல்வதற்கு அங்கே மதிப்பு அதிகம் என்பதை விசாரணை விசாரணையாகப் பார்த்திருக்கிறேன். தயங்கித் தயங்கி வரும் ஆங்கிலமும் போதும்.

டகோமா பார்க்கில் குடியிருந்தால் நகரத் தேர்தலில் ஓட்டே உண்டு. அங்கே குடியுரிமை இல்லாதவர்கள் 1990-களிலிருந்து நகரத் தேர்தலில் வாக்களிக்கிறார்கள், 2013 முதல் 16 வயதுப் பிள்ளைகளும் வாக்களிக்கிறார்கள். மற்ற இடங்களில் இருப்பவர்கள் நகர எல்லையை விசாரிக்காமல் எங்கேயும் வாக்காளராகப் பதிந்துவிடாதீர்கள். குடியுரிமை இல்லாமல் மாநில, தேசியப் பட்டியலில் பெயர் ஏறினால் குடியேற்ற வழக்கில் பெரிய சிக்கலாகும்.

குடியுரிமை வாங்கிவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேரிலாந்தில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல் அந்தக் கட்சியில் பதிந்தவர்களுக்கு மட்டும்தான். இந்தக் கவுண்டியில் இப்போதைய 11 பேருமே டெமாக்ரடிக் கட்சி, ஆகவே போட்டி பெரும்பாலும் ஜூன் மாத முதற்கட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. கட்சி சாராதவர் என்று பதிந்துவிட்டு நவம்பர் வரை காத்திருந்தால் தேர்ந்தெடுக்க ஒன்றும் மிஞ்சாது.

பாய்ட்ஸிலிருந்து: சொத்து வரி ஏறிக்கிட்டே போகுது. பணமெல்லாம் எங்கே போகுது?

ஏறக்குறைய பாதி பள்ளிகளுக்கு. கவுண்டியின் நிர்வாகத் தலைவரான கவுண்டி எக்சிக்யூட்டிவ் மார்ச் 15-க்குள் பட்ஜெட் வரைவைக் கொடுக்கிறார், கவுன்சில் ஜூன் 1-க்குள் முடிவு செய்கிறது, ஜூலை 1-ல் நிதியாண்டு பிறக்கிறது. மாற்றம் கேட்க ஏப்ரல்தான் காலம். ஜூலையில் பில் வந்த பிறகு கோபப்பட்டுப் பயனில்லை.

வீட்டின் மதிப்பை நிர்ணயிப்பது மாநிலம், மூன்று வருடத்துக்கு ஒரு முறை. கவுண்டி வரி விகிதத்தை மட்டும்தான் வைக்கிறது. நீங்களே குடியிருக்கும் வீடென்றால் ஹோம்ஸ்டெட் சலுகைக்கு விண்ணப்பித்தீர்களா என்று இன்றைக்கே பாருங்கள். அது இருந்தால் வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. ஒரு முறை விண்ணப்பித்தால் போதும்.

பள்ளிக்குப் பணம் ஒதுக்குவது கவுன்சில் என்றாலும், எந்தப் பள்ளியில் என்ன நடக்கிறது என்பது தனியாகத் தேர்வாகும் கல்வி வாரியத்தின் கையில். பள்ளி எல்லை மாற்றம் பற்றிக் கவுன்சிலுக்கு எழுதுகிற கடிதங்கள் தவறான வாசலைத் தட்டுகின்றன.

சில்வர் ஸ்பிரிங்கிலிருந்து: தனி வீடு இருக்கற தெருவெல்லாம் அபார்ட்மென்ட் ஆயிடும்னு அக்கம்பக்கத்துல பேசிக்கறாங்களே?

எல்லாத் தெருவும் இல்லை. 2025 ஜூலையில் கவுன்சிலில் 8-க்கு 3 என்ற வாக்கில் நிறைவேறிய வீட்டு விதி மாற்றம் அகலமான முக்கியச் சாலைகளை ஒட்டிய மனைகளுக்கு மட்டும். அங்கே டூப்ளெக்ஸ் (இரண்டு வீடு சேர்ந்த கட்டடம்), டவுன்ஹவுஸ், சிறிய அபார்ட்மென்ட் கட்டலாம். ஒரு திட்டத்தில் மூன்று வீடோ அதற்கு மேலோ இருந்தால் 15 சதவீதம் நடுத்தர வருமானக்காரர்களுக்கு ஒதுக்க வேண்டும். உங்களை விற்கச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாது. நெரிசல், மழைநீர் வடிகால் பற்றிய கவலை நியாயமானது, அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனாலும் நான் இதை ஆதரிக்கிறேன். இங்கே பாடம் நடத்தும் ஆசிரியையும் ஆஸ்பத்திரி நர்ஸும் பக்கத்துக் கவுண்டியான ஃபிரெடரிக்கிலிருந்து தினம் வண்டி ஓட்டி வர வேண்டியிருப்பது சரியில்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: பெட்ரோல்ல ஓடற இலை ஊதி வச்சிருக்கேன். யூஸ் பண்ணலாமா?

கூடாது. 2025 ஜூலை 1 முதல் தடை. நீங்கள் வைத்திருக்கும் தோட்டக்காரருக்கும் சேர்த்துத்தான்.

ஜெர்மன்டவுனிலிருந்து: ஊர்ல இருந்து அம்மா அப்பா ஆறு மாசம் தங்க வந்திருக்காங்க. கார் ஓட்டத் தெரியாது, வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கறாங்க.

கவுண்டியே ஓட்டும் ரைட் ஆன் பஸ் 2025 ஜூன் கடைசியிலிருந்து எல்லோருக்கும் இலவசம். கார்டு, அடையாள அட்டை எதுவும் வேண்டாம், ஏறி உட்கார வேண்டியதுதான். மெட்ரோபஸ் வேறு, அதற்குக் கட்டணம் உண்டு. நிறுத்தத்தில் இரண்டுமே வரும் என்பதால் பஸ்மேல் எழுதியிருக்கும் பெயரைப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். முதல் நாள் நீங்களும் கூடவே நூலகம் வரை போய்வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் குறைவு. திரும்பி வரும் நேரத்தை ஒரு தாளில் தமிழில் எழுதி அம்மா கைப்பையில் வைத்துவிடுங்கள்.