அறிவிப்புப் போட்டால் தொகுப்பு ஆகிவிடுமா?

அன்புள்ள அண்ணன்,

நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் டெக்னீஷியன். இரவு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் பாலம் தாண்டும் நேரத்தில்தான் படிப்பு எல்லாம். ஆங்கிலத்தில் ஆண்டுதோறும் சிறந்த அறிவியல் புனைகதைகள் என்று தலையணை மாதிரித் தொகுப்பு வருகிறதே, மலேசியத் தமிழில் அப்படி ஒன்று கொண்டுவர எனக்கும் இரண்டு நண்பர்களுக்கும் ஆசை. வாட்ஸ்அப்பில் அறிவிப்புப் போட்டுக் கதை கேட்கலாமா?

ச., பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பி,

கேட்டால் கதை வரும், புத்தகமும் வந்துவிடும். ஆனால் அதற்குப் பெயர் சிறப்பு மலர். நீங்கள் சொல்கிற தொகுப்பு வேறு. ஏற்கெனவே அச்சில் வந்ததையெல்லாம் ஒருத்தர் உட்கார்ந்து படித்துப் பொறுக்குவது. கேட்டு வாங்கிய கதையை எந்த முகத்தோடு வேண்டாம் என்பீர்கள்?

அமெரிக்கப் பதிப்பாசிரியர் கார்ட்னர் டொஸ்வா அப்படி ஓர் ஆண்டுத் தொகுப்பை 1984இல் தொடங்கினார். 35ஆவது தொகுதி 2018இல் வெளிவரும் முன்பே இறந்துபோனார். அத்தனை வருடமும் ஒரே ஆளின் ரசனை, அதோடு நீங்கள் சண்டை போடலாம், நானும் போட்டிருக்கிறேன். ஆனால் மனுஷன் படித்திருக்கிறார். முன்னால் அந்த வருடம் எந்தப் பத்திரிகை வந்தது, எது நின்றது, யார் காலமானார் என்று நீளமான கட்டுரை, பின்னால் இடம் கிடைக்காத நல்ல கதைகளின் பொடி எழுத்துப் பட்டியல். என்னிடம் இருக்கும் பிரதி பினாங்கு சௌராஸ்தா சந்தை மாடியில் 15 வெள்ளிக்கு வாங்கியது, முதுகில் பசை விட்டுப்போனது. அந்தக் கடைசிப் பட்டியலில் யாரோ பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே போயிருக்கிறார், ஒரு கதைக்குப் பக்கத்தில் மட்டும் கேள்விக்குறி. தொகுப்பில் இருந்த கதைகளை விட்டுவிட்டு அந்தக் கேள்விக்குறிக் கதையைத்தான் முதலில் தேடினேன்.

நம்மிடம் அறிவியல் புனைகதைக்கென்று பத்திரிகை ஏது என்பீர்கள். 1956இல் அமெரிக்காவில் ஜூடித் மெரில் என்ற தொகுப்பாளர் தன் ஆண்டுத் தொகுப்பைத் தொடங்கியபோது அங்கே அந்த வகைக்குப் பத்திரிகைகள் இருந்தன, இருந்தும் அவர் அவற்றோடு நிற்காமல், அந்தப் பெயரே போட்டுக்கொள்ளாத இதழ்களிலும் தேடி எடுத்தார். சென்னையில் இலக்கியச் சிந்தனை என்ற அமைப்பு 1970 முதல் இதழ்களைப் படித்து மாதம் ஒரு கதை, வருடத்துக்குப் பன்னிரண்டு என்று எடுத்து நூலாக்கியது. நமக்கு ஞாயிறுப் பதிப்புகள் இருக்கின்றன. ஆனால் திங்கட்கிழமை அதில் வடை மடித்துவிடுகிறோம். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றபோது கதை வரும் இடமும் ஒன்று குறைந்தது, அந்த வருடத்துக் கதைகளைப் பட்டியல் போட்டு வைத்தவர் யார்?

ஒரு தடவை அறிவியல் சிறுகதைப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டார்கள். பெரும்பாலான கதைகளில் விஞ்ஞானி அமெரிக்காவில் இருந்தார், கடைசியில் அம்மா தட்டி எழுப்பினாள், எல்லாம் கனவு. மூன்றாம் பரிசுக்கு ஆளே இல்லை என்றேன். கேடயம் அடித்தாகிவிட்டது ஐயா, பெயர் பொறிப்பதுதான் பாக்கி என்றார்கள். சரி என்று ஒரு கனவுக்குக் கொடுத்தேன். இன்னும் உறுத்துகிறது.

என் அக்கா எழுபதுகளில் உங்கள் பாயான் லெப்பாஸில்தான் வேலை பார்த்தார், சுதந்திர வர்த்தக வளாகம் 1972இல் திறந்து கொஞ்ச நாளிலேயே சேர்ந்தவர். ஷிஃப்ட் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்ட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுவார். இதை யாராவது எழுதினால் தோட்டக் கதை, குடும்பக் கதை என்று போட்டுவிடுவார்கள், அறிவியல் பக்கத்தில் போடமாட்டார்கள். உங்கள் கண்ணில் படவேண்டியது அந்த மாதிரிக் கதைதான்.

அதனால் அறிவிப்பு வேண்டாம். மூன்று பேரும் ஆளுக்கொரு நாளிதழ் என்று பிரித்துக்கொள்ளுங்கள், ஜனவரியிலிருந்து ஒரு நோட்டு. தலைப்பு, தேதி, இரண்டு வரி அபிப்பிராயம். டிசம்பரில் ஐந்து கதைதான் தேறியது என்றால் ஐந்தைப் போடுங்கள், மீதியைப் பின்னால் பொடி எழுத்தில். அப்புறம் எழுதியவர்களிடம் அனுமதி கேளுங்கள், அதை மறந்துவிடாதீர்கள்.

சௌராஸ்தா மாடியில் டொஸ்வாவின் இன்னொரு தொகுதி இருக்கிறது, அட்டை கிழிந்தது. போன மாதம் பேரம் படியாமல் விட்டுவிட்டு வந்தேன், நீங்கள் கேட்டுப் பாருங்கள்.