தொட்டி பெரிதானால் ஷவர் வேகமாகுமா?

கேள்வி: மொட்டை மாடியில் இருந்த 500 லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு 2,000 லிட்டர் தொட்டி வைத்தோம். கீழ்த்தளக் குழாயில் தண்ணீர் பீய்ச்சியடிக்கிறது. இரண்டாம் மாடி ஷவரில் மட்டும் பழையபடி நூல் நூலாகத்தான் விழுகிறது. ஏன்?

பதில்: குழாய்க்குத் தொட்டியின் கொள்ளளவு தெரியாது, அம்மா. தனக்கு மேலே நீர்மட்டம் எத்தனை உயரத்தில் நிற்கிறது என்பது மட்டுமே அதற்குக் கணக்கு. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). ஷவர் 2 மீட்டர் கீழே இருந்தால் 0.2 பார், கீழ்த்தளக் குழாய் 9 மீட்டர் கீழே இருந்தால் 0.9 பார். மேலே ஏரியையே தூக்கி வைத்தாலும் இதுதான்.

அதுவும் குழாய் மூடியிருக்கும்வரை. தண்ணீர் ஓடத் தொடங்கியதும் குழாயின் உராய்வு, எல்போ (வளைவு இணைப்பு), வால்வு எல்லாம் அழுத்தத்தில் பங்கு கேட்கும். ஓட்டம் இரட்டிப்பானால் இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. ஒரே கிளையில் உள்ள வாஷ்பேசினைத் திறந்ததும் ஷவர் சோர்ந்துபோவது இதனால்தான்.

தொட்டியை இன்னும் 1 மீட்டர் உயர்த்தச் சொல்வார்கள். உயர்த்தினால் ஷவரில் அழுத்தம் ஒன்றரை மடங்காகும். தண்ணீர் வரத்தோ ஐந்தில் ஒரு பங்கு போலத்தான் கூடும். மேடை கட்டும் செலவுக்கு அது கட்டுப்படியாகுமா என்று யோசியுங்கள். நானாக இருந்தால் முதலில் ஷவர் தலையைக் கழற்றிவிட்டுக் குழாயைத் திறப்பேன். தண்ணீர் தாராளமாக வந்தால் துளைகளில் உப்பு படிந்திருக்கிறது, வினிகரில் ஊறவையுங்கள். வராவிட்டால் குழாய்தான் குறுகல். தொட்டியிலிருந்து ஷவர்வரை 15 மி.மீ. உள்விட்டத்தை 20 மி.மீ. ஆக்கினால் அதே அழுத்தத்தில் குழாய் சுமார் இரு மடங்கு தண்ணீர் தரும். அகலமான மழை ஷவர் வாங்கியிருந்தால் இதுவும் போதாமல் போகலாம். அவற்றில் பல 1 பார் அளவு அழுத்தத்தை எதிர்பார்ப்பவை. அதற்குப் பிரஷர் பம்ப்தான் வழி.

கேள்வி: குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் ‘டம்’ என்று இடிக்கிறது. ஆபத்தா?

பதில்: ஓடிவந்த தண்ணீர் திடீரென்று நிற்பதால் எழும் அழுத்த அலை அது. உலோகக் குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் நீரைச் சட்டென்று நிறுத்தினால், ஒரு கணம் 10 பாருக்கு மேல்கூட எகிறும். இணைப்புகள் நாளடைவில் கசியும். மெதுவாக மூடுங்கள், ஆடும் குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.